சட்டைக்குப் பின்னால் நான்கு கிளிப்

என் கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்து நிறங்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை மட்டும் நிற்கும். சிவப்பு போய்விடும், தோளில் ஓடும் மஞ்சள் கோடு போய்விடும், மார்பில் இருக்கும் எண்ணும் போய்விடும். எஞ்சுவது நிழல் மட்டும்தான். அக்குளில் ஆரம்பித்து விசிறியாக விரியும் மூன்று மடிப்புகள், தொப்பை லேசாக முட்டுகிற இடத்தில் ஒரு வளைவு, இடது தோளிலிருந்து மார்புக்குச் சரிந்து இறங்கும் நீளமான ஒரு கோடு. தலை கிடையாது. ஆனாலும் அது யார் என்று எனக்குத் தெரியும். நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். எட்டு வருடம் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்.

சிங்கப்பூரில், ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் கடை. பள்ளிக் குழுக்கள், பேட்டைக் கால்பந்துக் குழுக்கள், கம்பெனி விளையாட்டு விழாக்கள் என்று யார் கேட்டாலும் ஜெர்சி அடித்துக் கொடுப்போம். முதலாளியையும் தையல்காரம்மாவையும் சேர்த்து மொத்தம் நான்கு பேர். நான் கணினியில் வரைவேன். அண்ணன் ஹீட் பிரஸ் பார்ப்பார். நான் வரைந்ததைத் தாளில் அச்செடுத்து, துணிமேல் வைத்து, சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றுவது அவர் வேலை. மதியத்தில் அந்த அறை அடுப்படி போலக் கொதிக்கும். அவர் கழுத்தில் ஒரு குட்டித் துண்டைப் போட்டுக்கொண்டு பழைய பாட்டை முணுமுணுத்தபடி நிற்பார். பாட்டு எதுவானாலும் அவருக்கு இரண்டு வரிக்குமேல் தெரியாது.

துணியில் அடிப்பதற்கு முன் வாடிக்கையாளருக்குப் படம் அனுப்ப வேண்டும். மென்பொருளில் வரைந்த ஜெர்சி முதலில் காகிதத்தில் வெட்டிய சட்டைபோலத் தட்டையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது. நிழல் போட்டால்தான் அதற்குள் ஓர் ஆள் வருவார். பலரும் இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் நிழலை இறக்கி மேலே ஒட்டிவிடுவார்கள். எனக்கு அது ஆகாது. கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வெள்ளை ஜெர்சியை ஒருவருக்குப் போட்டு ஜன்னலோரம் நிற்கவைத்துப் படம் எடுத்து, அதில் இருக்கும் ஒவ்வொரு மடிப்பையும் தனி வடிவமாக வரைந்து, ஓரங்களை மங்கவைத்து, கீழே இருக்கும் நிறம் தெரியும்படி மேலே படரவிடுவேன். சிவப்புக்கு நிழல் கருஞ்சிவப்பு, மஞ்சளுக்குப் பழுப்பு. எல்லாவற்றுக்கும் கறுப்பைப் போட்டால் அழுக்குப் பிடித்த மாதிரி இருக்கும். துணி மாறினால், கழுத்து வெட்டு மாறினால், மறுபடி படம் எடுப்பேன். "ஒரு சட்டைக்கு இவ்ளோவா?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். எனக்குக் கண் கூர்மை என்று நான் பீற்றிக்கொள்வேன்.

அந்தப் படங்களில் எல்லாம் நின்றது அண்ணன்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், தோ பாயோ பேட்டையில் குடியிருந்தவர், இளம் வயதில் பேட்டைக் குழுவுக்கு கோல்கீப்பராக நின்றவர். ஒருமுறை கம்பத்தில் மோதி இடது தோள் எலும்பு உடைந்து, சேர்ந்தபோது சற்றுத் தாழ்ந்து சேர்ந்துவிட்டது. அதனால்தான் அந்த நீளமான மடிப்பு. நான் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே மட்டும்தான் எடுப்பேன். முதல் நாளே அவர் கேட்டார்.

"ஏம்மா, தலை வேணாமா? இந்த மூஞ்சிக்கு என்னா குறைச்சல்?"

"தலை இருந்தா கஸ்டமர் ஜெர்சிய பாக்க மாட்டாங்கண்ணே."

"அப்ப நான் அவ்ளோ ஹேண்ட்ஸம்னு சொல்ற. ஓகேலா."

இப்போது எண்ணிப் பார்த்தால் அவர் படம் என்னிடம் அறுபதுக்குமேல் இருக்கிறது. ஒன்றில்கூட முகம் இல்லை.

ஜெர்சி உடம்பில் கச்சிதமாகத் தெரிய ஒரு தந்திரம் உண்டு. தொளதொளவென்று இருந்தால் பின்பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து, காகிதத்துக்குப் போடும் கறுப்பு கிளிப்பை மாட்டிவிட வேண்டும். முன்னாலிருந்து தெரியாது. அண்ணனுக்கு முதல் ஏழு வருடம் கிளிப்பே தேவைப்படவில்லை. எல் சைஸ் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பிறகு ஒருநாள் ஒரு கிளிப் போட்டேன். "சைஸ் மாத்திட்டாங்களாண்ணே?" என்று கேட்டேன். "எங்க புளோக்ல லிஃப்ட் ரிப்பேர்மா. தினம் பதினோரு மாடி. பைசா செலவில்லாத ஜிம்லா" என்று சிரித்தார். அடுத்த மாதம் இரண்டு கிளிப். அதற்குப் பிறகு மூன்று. லிஃப்ட் எத்தனை மாதம்தான் ரிப்பேரில் இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. மதியம் அவர் வாங்கிவரும் சோற்றில் பாதி குப்பைக்குப் போவதையும் பார்த்தேன். நான்காவது கிளிப்பை மாட்டும்போது துணிக்கு அடியில் அவர் முதுகெலும்பு என் விரலில் தட்டியது. நான் கையை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்கண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

அந்த நான்கு கிளிப் நாளில் எடுத்தது கோல்கீப்பருக்கான முழுக்கை ஜெர்சி. புக்கிட் மேரா பக்கத்துக் குழு ஒன்று கேட்டிருந்தது. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது என் நிழல் எதுவும் உட்காரவில்லை. கிளிப் இடுப்பைச் சரிசெய்யும், கழுத்துக்குக் கீழே விழுந்திருந்த குழியை அதனால் சரிசெய்ய முடியாது. தோள்கள் இரண்டும் கூடாரக் கம்புபோலத் துணியைக் குத்திக்கொண்டு நின்றன. கைகளில் துணி வெறுமனே தொங்கியது. எனக்கு எரிச்சல் வந்தது. அவர்மேல் கவலை வரவில்லை, படம் கெட்டுப்போனதே என்று எரிச்சல்தான் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். எப்போதோ வரைந்த முதல் கோப்பைத் திறந்து அந்த வயிற்று வளைவை எடுத்துக்கொண்டேன். கழுத்துக் குழியின் நிழலை நீக்கினேன். சட்டையின் வெளிக்கோட்டில் இருந்த புள்ளிகளைப் பிடித்து இரண்டு பக்கமும் வெளியே இழுத்தேன். கைகளுக்குள் கொஞ்சம் சதை வைத்தேன். சிவப்பைப் போட்டு, மஞ்சள் கோட்டைப் போட்டுப் பார்த்தால், பழைய அண்ணன் வந்து நின்றார்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்து திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கேன்" என்றார். பிறகு, "இத என் ஃபோனுக்கு அனுப்பும்மா. உங்க அண்ணி நேத்து ஒரே சண்டை. இளைச்சிட்டே, டாக்டர்ட்ட போன்னு உயிர வாங்குறா. இத அனுப்புறேன். கேமரா பொய் சொல்லாதுலா" என்றார். என் கை மௌஸின்மேல் இருந்தது. படத்தில் இருப்பதை அப்படியே வரைகிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார்; இதை நான் இழுத்து நிரப்பினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வேலையை அவர் ரசிக்கிறார் என்ற நினைப்பு ஒரு பக்கம், ஓர் ஆண்பிள்ளையிடம் உங்கள் உடம்பு உருகிவிட்டது என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம் ஒரு பக்கம். அனுப்பினேன். அவர் அங்கேயே நின்று அதை அண்ணிக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதை எனக்கும் காட்டிவிட்டு மெஷினுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஹீட் பிரஸ் முன்னால் மயங்கி விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வயிற்றுக்குள் இருந்த நோய் முற்றியிருந்தது. திரும்ப வேலைக்கு வரவில்லை. முன்னாலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதையும் அறிவேன்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அண்ணியைத் தேக்கா சந்தையில் பார்த்தேன். கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு கைப்பேசியை எடுத்துக் காட்டினார். முகப்பில் அந்தச் சிவப்பு ஜெர்சி. "பாரும்மா, அவரு கடைசியா அனுப்புன படம். எவ்ளோ நல்லா இருந்தாரு! அதுக்கப்புறம் ரெண்டே மாசம். டாக்டர் கேட்டாரு, எப்பலேர்ந்து இளைச்சாருன்னு. இந்தப் படத்ததான் காட்டுனேன், இப்ப வரைக்கும் நல்லாத்தான் இருந்தாருன்னு. திடீர்னு வந்துருக்கு. யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுலா." நான் தலையாட்டினேன். சந்தைத் தரையின் ஈரத்தில் என் செருப்பு வழுக்கியது, அதைச் சாக்காக வைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றும் சொல்லவில்லை.

சொல்வதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தேன். திடீரென்று வந்தது என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதையும் பிடுங்குவதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்த நியாயம் என்பது வீட்டில் சோறு வடிக்கும்போதும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதும் குத்திக்கொண்டே இருந்தது. அதற்குள் அண்ணி வேறொரு காரியம் செய்தார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுக்க முடியுமா, முதல் வருடத் திதிக்குச் சுவரில் மாட்ட வேண்டும், முகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று செய்தி அனுப்பினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தோ பாயோவுக்குப் போனேன். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடியது.

கூடத்தில் உட்கார்ந்து இரண்டு படங்களை மேசைமேல் வைத்தேன். ஒன்று சிவப்பு ஜெர்சி. இன்னொன்று அன்று உண்மையாக எடுத்த வெள்ளை ஜெர்சி. "இது நான் எடுத்தது, அண்ணி. அது நான் வரைஞ்சது" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டும் ஒரே நாள் என்றேன். கிளிப்புகளைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே இருந்த குழியின்மேல் விரலை வைத்தார்.

"அப்ப நீ பாத்திருக்க."

"பாத்தேன், அண்ணி."

"எத்தன நாளா?"

"நாலஞ்சு மாசமா."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் விரலை எடுக்காமலே சொன்னார். "நானும்தான் பாத்தேன். பக்கத்துல படுத்தா எலும்பு குத்தும்மா. அதனாலதான் உன் படம் வந்ததும் கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வெள்ளச் சட்டையவே பெரிசு பண்ணிக் குடு. எதையும் மாத்தாத" என்றார். எப்போதும் லிஃப்ட் வரை வந்து வழியனுப்புகிறவர் அன்று நாற்காலியைவிட்டு எழவில்லை. அச்செடுத்ததை அவர் மகள்தான் கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு போனாள். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நான் மறுபடி அனுப்பவில்லை.

இப்போது மென்பொருளே ஒரு பொத்தானில் நிழல் போட்டுத் தருகிறது. நல்ல நிழல்தான், குறை சொல்ல முடியாது. நானும் பயன்படுத்துகிறேன். யாரையும் ஜன்னலோரம் நிற்கவைப்பதில்லை, கிளிப் டப்பாவை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கோப்பை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அவ்வப்போது திறந்து நிறங்களை அணைக்கிறேன். சாம்பல் நிறத்தில் பழைய அண்ணன் நிற்கிறார், தொப்பையோடு, சரிந்த தோளோடு. அவருக்குக் கீழே அன்றைய வெள்ளைச் சட்டைப் படத்தை வைக்கிறேன். இரண்டு வெளிக்கோடுகளுக்கும் நடுவில், இடுப்புப் பக்கத்தில், என் திரையில் ஓர் இடைவெளி தெரிகிறது. விரலை வைத்து அளந்து பார்த்தேன், இரண்டு விரற்கடை இருக்கும். அதை இழுத்து நிரப்ப எனக்கு அன்று பத்து நிமிடம்கூட ஆகவில்லை.