பதிலாளர் ஏழு

அவர் பினாங்கு துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்றவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சரிந்துபோன வலது தோள். என் முனைவர் பட்ட ஆய்வுக்காக அவரை ஐந்து முறை பேட்டி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ரெக்கார்டரை அமுக்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் பெயரையும் அப்பா பெயரையும் உரக்கச் சொல்வார். ஆய்வு நெறிப்படி பெயர் வரக்கூடாது. ஐந்து முறையும் அந்த இடத்தை வெட்டி எறிந்தேன்.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வைப் படைத்த கருத்தரங்குக்கு, செபராங் ஜெயாவிலிருந்து பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் பேச்சைத் திரையில் காட்டி, “இது பதிலாளர் ஏழு சொன்னது” என்றேன். அடையாளத்தைக் கச்சிதமாக மறைத்ததற்குப் பேராசிரியர் பாராட்டினார்.

வெளியே வந்ததும் பெரியவர் கேட்டார்.

“என் பேரு எங்கயுமே வரலயேம்மா?”

“உங்க பாதுகாப்புக்குத்தான் அங்கிள். ரூல்ஸ் அப்படி.”

“வார்ஃப்ல மூட்டை தூக்குனப்பவும் எங்களுக்கு நம்பர்தான்மா. ஆனா எங்க பாதுகாப்புக்குன்னு அங்க யாரும் சொன்னதில்ல லா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆய்வேடு இப்போது நூலகத்தில் இருக்கிறது. அட்டையில், தங்க எழுத்தில், என் பெயரும் என் அப்பா பெயரும்.