பெரியப்பாவின் இரண்டாவது வாளி

என் பெரியப்பாவுக்குத் தேங்கிய தண்ணீரைக் கண்டாலே ஆகாது. தெருவில் ஒரு குட்டையைப் பார்த்துவிட்டால் செருப்பு நுனியால் ஒரு கோடு கீறி, அதைச் சாக்கடைப் பக்கம் அனுப்பிவைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு நடப்பார்.

"மழைன்னா வந்துட்டுப் போகணும். வந்து உக்காந்துக்கிட்டா அது விருந்தாளி இல்ல, குடித்தனக்காரன்," என்பார்.

அவருக்கு வாய்த்த வேலையும் அதுதான். நகராட்சியில் முற்றச் சோதகர். யார் புதிதாக வீடு கட்டினாலும், நிறைவுச் சான்று கொடுப்பதற்கு முன்னால் பெரியப்பா இரும்பு வாளியோடு போய் நிற்பார். வீட்டைச் சுற்றியுள்ள முற்றம் முழுவதும் சிமென்ட் பூசி, சரிவு கொடுத்திருக்க வேண்டும். வாசற்படியில் ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் எங்கும் தேங்காமல் தெருச் சாக்கடைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் விதி. பெரியப்பா தண்ணீரை ஊற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் கூடவே நடப்பார். ஊருக்குக் கிளம்பும் சொந்தக்காரரை வழியனுப்பப் போவது போல இருக்கும். தண்ணீர் சாக்கடையில் விழுந்ததும் தலையை ஆட்டுவார். வழியில் எங்காவது நின்றுவிட்டாலோ, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் கொத்தனாருக்கு ஆள் அனுப்புவார். ஊரில் அவருக்குப் பெயரே 'வாளி' என்றாகிவிட்டது. பல் டாக்டர்கூட "வாளி சார், வாயத் திறங்க" என்றுதான் சொல்வார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். நகரத் திட்டமிடல் படித்தேன். அதே நகராட்சியில், கட்டட விதிகள் பிரிவில், தற்காலிக வேலை கிடைத்தது. "இனிமே சட்டமே நம்ம வீட்லதான் எழுதுவாங்க," என்று பெரியப்பா எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். நான் செய்ததென்னவோ, நீக்கிய விதிகளுக்குப் பின்னால் வரும் விதிகளின் எண்களைத் திருத்துவது.

அந்த வருடம் தாழ்வான தெருக்களில் மழைநீர் வீடுகளுக்குள் புகுந்தது. ஊரில் உள்ள அத்தனை சிமென்ட் முற்றங்களும் தங்கள் தண்ணீரை ஒரே நேரத்தில் சாக்கடைக்கு அனுப்பினால் சாக்கடை என்ன செய்யும்? விதிகளை மாற்ற ஒரு குழு அமைத்தார்கள். வரைவு எழுதும் வேலை என்னிடம் வந்தது. மனைக்குள் விழும் மழை அந்த மனையிலேயே மண்ணுக்குள் இறங்க வேண்டும். முற்றத்தில் மண்ணும் ஜல்லியும் செடியும் இருக்க வேண்டும். தண்ணீர் நின்று இறங்கப் பள்ளமான பாத்தி இருக்க வேண்டும். சோதனையும் பழகியதாகவே இருக்கட்டும் என்று, வாசற்படியில் ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் தெருவுக்குப் போகக் கூடாது என்று எழுதினேன். நான் படித்ததற்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

பழைய விதியை நீக்கும் இடத்தில்தான் முடிச்சு விழுந்தது.

"பழச எடுத்துட்டு, புதுசு சரியா வரலன்னா என்ன பண்றது?" என்றார் குழுத் தலைவர். "ரெண்டும் இருக்கட்டும். புதுசு நல்லா போகுதுன்னு தெரிஞ்சதும் பழச எடுத்துக்கலாம்."

"சார், ஒண்ணு தண்ணி வெளிய போகணும்னு சொல்லுது. இன்னொண்ணு போகக் கூடாதுன்னு சொல்லுது."

"ரெண்டும் தண்ணியப் பத்திதானேம்மா சொல்லுது? இதுல முரண்பாடு எங்க வந்துச்சு?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். டீ வந்தது. இரண்டு விதிகளும் அமலுக்கு வந்தன.

பெரியப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டையும் பொறுமையாகப் படித்தார். பிறகு கடைக்குப் போய் இன்னொரு வாளி வாங்கிவந்தார். நீல நிற பிளாஸ்டிக் வாளி.

முதலில் போனது ஒரு தகரக்கடைக்காரர் வீட்டுக்கு. அவர் முற்றம் முழுக்க ஜல்லி போட்டு, அதன்மேல் கழற்றி மாட்டும்படி தகர மூடி செய்துவைத்திருந்தார். மூடி போட்டால் பழைய விதி, எடுத்தால் புது விதி.

"எப்படி வாளி சார் நம்ம ஐடியா?" என்று சிரித்தார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "ரெண்டு சட்டமும் ஒரே நேரத்துல அமல்ல இருக்கு. அப்போ ரெண்டு வாளியும் ஒரே நேரத்துலதான் ஊத்தணும்."

"ஒரு ஆளு எப்படிங்க ரெண்டு வாளி ஊத்துறது?"

மறுநாளிலிருந்து நீல வாளி என் கைக்கு வந்தது. "விதி எழுதின பொண்ணுதானே, அதுவே போய் ஊத்தட்டும்," என்று மேலதிகாரி உத்தரவு போட்டுவிட்டார். நானும் பெரியப்பாவும் வாசற்படியில் தோளோடு தோள் உரச நின்று, "ஒண்ணு, ரெண்டு, ஊத்து!" என்று ஊற்றினோம். ஒரு வீடும் தேறவில்லை. வெளியே போனால் புது விதியில் தோல்வி, உள்ளே நின்றால் பழைய விதியில் தோல்வி. முடிவெட்டும் கடைக்காரர் வீட்டில் பாதித் தண்ணீர் போனது, பாதி நின்றது. அது இரண்டிலும் தோல்வி. கட்டி முடித்த வீடுகளெல்லாம் பூட்டியே கிடந்தன. நான் தெருவில் போனால் கதவைச் சாத்தினார்கள். படிக்காமல் இருந்திருந்தால் இந்த ஊருக்கு என்னால் இவ்வளவு தொல்லை வந்திருக்காதே என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன்.

இந்த நேரத்தில் அக்காவிடமிருந்து போன் வந்தது. பெரியப்பாவின் ஒரே மகள். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிடப் போவதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்க பெரியம்மா யாரையும் விடவில்லை. அவள் வந்தால் தங்கட்டும் என்று ஏற்கெனவே மாடியில் ஒரு அறை கட்டி முடித்திருந்தார்கள்.

"ரூம் ரெடின்னா வர்றேன்," என்றாளாம் அக்கா. "கூடத்துல உங்க கால்மாட்டில பாய் விரிச்சுப் படுக்கணும்னா வேண்டாம். நான் இங்கயே இருந்துக்குறேன்."

அந்த 'இங்கயே' என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அறை தயார்தான். ஆனால் புதிதாகக் கட்டியது. சான்று இல்லாமல் கரண்ட் இணைப்பு கிடைக்காது, யாரும் குடியிருக்கவும் கூடாது. சான்றுக்கு முற்றம் தேற வேண்டும்.

"உங்க வீடுதானே, ஒரு கையெழுத்துப் போட்டா என்ன?" என்றாள் பெரியம்மா.

"என் வீட்ட நானே சோதிக்கக் கூடாது."

"அப்போ வேற யாரு?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஊரில் வாளி ஊற்றிப் பழகிய வேறு ஆள் இல்லை. மேலதிகாரியும் சரியென்று சொல்லிவிட்டார்.

"ஏய் பட்டதாரி, பெரியப்பான்னு பாக்காத. ஒரு சொட்டு தப்பாப் போனாலும் ஃபெயில்தான், சொல்லிட்டேன்."

எங்கள் ஊரிலேயே வழுவழுப்பான முற்றம் அவருடையது. அவரே கரணை பிடித்துப் பூசியது. அதைக் கடப்பாரையால் அவரே உடைத்தார். ஒவ்வொரு அடிக்கும் முகம் சுருங்கியது. பெரியம்மா ஜன்னலில் நின்று, "எப்பவோ உடைச்சிருக்கணும். இதுல வழுக்கி வழுக்கியே என் இடுப்பு போச்சு," என்றாள். பாதியில் ஜல்லியும் செடியும் வைத்தார். மீதியில் சாக்கடைவரை ஒரு சிமென்ட் வாய்க்கால் விட்டுவைத்தார். புது வாளித் தண்ணீர் ஜல்லிக்குப் போக வேண்டும், பழைய வாளித் தண்ணீர் வாய்க்காலில் ஓட வேண்டும். ஊற்றிய பிறகு எந்தத் தண்ணீர் எது என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தார். பழைய விதிக்கான இரும்பு வாளியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கினார்.

"நீலம் போகணும், வெள்ள நிக்கணும். புரியுதா?"

ஊற்றினோம். இரண்டும் படியிலேயே கலந்தன. வெளிர்நீலமாகி, வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு, மொத்தமும் ஜல்லிக்குள் இறங்கிவிட்டது. செடிகள் நீலக் காலோடு நின்றன.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஓட்டுநர் பெட்டிகளை இறக்கப் போனார்.

"இருங்கண்ணே, இறக்காதீங்க," என்றாள் அக்கா. எங்களைப் பார்த்தாள். "ரூம் ரெடியாப்பா?"

பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை. "புதுசு பாஸ். பழசு ஃபெயில்," என்றார் என்னிடம். "எழுதும்மா." அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

என் பேனா நகரவில்லை. ஃபெயில் என்று எழுதினால் வண்டி திரும்பிவிடும். பாஸ் என்று எழுதினால் பெரியப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார்.

பெரியம்மா குடத்தோடு வெளியே வந்தாள். காலி இரும்பு வாளியை வாசற்படியில் வைத்தாள். குடத்துத் தண்ணீரை அதில் ஊற்றினாள்.

"வாசப்படியில ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு," என்றேன்.

வாளியைத் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டு தெருவை நோக்கி நடந்தாள். பெரியப்பா பதறிப் பின்னால் ஓடினார்.

"ஏய், என்ன பண்ற? எங்கயும் தேங்கக் கூடாதுன்னு இருக்கு! வாளிக்குள்ள தேங்கியிருக்கே!"

"எங்கங்க தேங்குது? நான்தான் நடந்துக்கிட்டே இருக்கேனே. நின்னாத்தானே தேங்கும்?"

பெரியப்பாவின் கைகள் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. அவள் கூடவே, வாளியில் கண் வைத்தபடி நடந்தார். வண்டிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். பெரியம்மா தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"போச்சா?"

பெரியப்பா குனிந்து பார்த்தார். நடந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "வழியில சிந்துச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல பெரியப்பா."

பிறகு தலையை ஆட்டினார். நான் இரண்டு இடத்திலும் 'தேறியது' என்று எழுதினேன். கல்லூரியில் இதற்கு என்ன பெயர் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிகள் இறங்கின.

செய்தி ஊர் முழுக்கப் பரவியது. தகரக்கடைக்காரர் மூடியைக் கழற்றிவிட்டுத் தன் மாமியாரை வாளி தூக்க வைத்தார். இடுப்பு வலிக்காரர்கள் ஆள் வைத்துக்கொண்டார்கள். எல்லா முற்றத்திலும் மண் தெரிந்தது, எல்லா வீடும் தேறியது. குழுத் தலைவர் கூட்டத்தில் என்னைப் பார்த்து, "பாத்தியாம்மா, ரெண்டும் சேந்து எவ்வளவு நல்லா வேலை செய்யுது," என்றார். பழைய விதியை நிரந்தரமாக்கிவிட்டார்கள். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று யாரிடமாவது கேட்கலாம் என்றால், எங்கள் வீட்டில் இதைப் படித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

பிறகு பெருமழை பெய்தது. நான் பெரியப்பா வீட்டில்தான் இருந்தேன். மாடியறையில் விளக்கு எரிந்தது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா குழந்தையைத் தோளில் சாய்த்து, ஜன்னலோரம் அசைந்தபடி நின்றார். கீழே முற்றத்தில் விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்து கத்தினார்.

"வாளி சார்! தெருமுனையில தண்ணி நிக்குது, வந்து பாருங்க!"

பெரியப்பா ஜன்னலைப் பாதி சாத்தினார்.

"நிக்கட்டும்யா. இப்பத்தான் தூங்கினா."

எதிர்வீட்டுக்காரர் நம்ப முடியாமல் நின்றார். யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே என்று நான்தான் குடையை எடுத்துக்கொண்டு போனேன். கணுக்கால் அளவு நின்றிருந்தது. பெரியப்பாவைப் போலச் செருப்பு நுனியால் கோடு கீறிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.