துரைசாமியின் கோணல் பத்மினி

என் வீட்டுக்காரர் துரைசாமிக்கு 1993-லேயே கார் ஓட்டும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கார்தான் கிடைக்கவில்லை. மராத்திக்காரர்கள் ஊரான தேஹு ரோட்டில், ராணுவ டிப்போவில் ஸ்டோர்கீப்பர் வேலை. தங்கைகள் இரண்டு பேரைக் கட்டிக்கொடுத்த பிறகு அவரால் வாங்க முடிந்தது ஒரு பழைய லூனா மொபெட்தான். ஆனாலும் கார் லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவார். பழைய பம்பாய் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே, சத்தத்தை வைத்து, இன்ன வண்டி, மூன்றாவது கியரில் ஏறுகிறது என்பார். சரியாகத்தான் இருக்கும். அதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடும்.

வாங்க முடியாத காரைச் செய்து பார்க்க ஆரம்பித்தார். தகர டப்பாவை வெட்டி, எம்-சீல் பசை வைத்து இழைத்து, பெயிண்ட் அடித்து, முழங்கை நீளம்கூட இல்லாத கார்கள். என் தையல் மெஷின் எண்ணெய், என் கத்தரிக்கோல், குழம்புச் சட்டியின் மூடி எல்லாம் அந்தக் கார்களுக்குள் போயின. அடுப்படியில் பருப்பு டப்பாவுக்கு இடம் இல்லை, அலமாரியில் ஆறு கார் நின்றது. நான் பிளவுஸ் தைத்துச் சம்பாதிக்கிற வீட்டில் எனக்கு உட்கார இடம் கிடையாது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. ரயிலில் போகிற தூரத்தில், டவுனில் கேம்ப் என்கிற பகுதியில் கார்ப் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் மாடல் கார் கண்காட்சி நடத்துவார்கள். தேர்வாகிற கார்களைச் செய்தவர் பெயரோடு கண்ணாடிப் பெட்டியில் ஒரு வருஷம் வைப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் தன் கார் ஒன்று போக வேண்டும். மூன்று தடவை கொண்டுபோனார். மூன்று தடவையும் "நல்ல பொம்மை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பொம்மை என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்த நாளில் அவர் சாப்பிடமாட்டார். சமைத்தவளுக்கு எப்படி இருக்கும்?

2000-ல் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் படத்தைப் பார்த்துச் செய்வதில்லை, நிஜ வண்டியை அளந்துதான் செய்வது. டிப்போவில் இருபது வருஷமாக அவர் செய்த வேலை சரக்குச் சரிபார்ப்பு. அங்கே ஒரே சட்டம்: புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதே, ரேக்கில் என்ன இருக்கிறதோ அதை எழுது. வீட்டிலும் அப்படித்தான். உப்பு இருக்கிறது என்று நான் சொன்னால் நம்பமாட்டார். டப்பாவைத் திறந்து பார்ப்பார்.

அதே ரயில் வழியில் காசார்வாடியில் முகமது ரஃபீக் என்று ஒரு டிங்கர் இருந்தார். ஆம்பூர்க்காரர், எங்களோடு தமிழில் பேசுவார். அவருடைய சொந்த பத்மினி கார் பட்டறை வாசலில் நிற்கும். இவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டேப்பும், மில்லி மில்லியாக அளக்கிற வெர்னியரும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் காரை அளந்தார். ஒரு வருஷம் அளந்தார், இன்னொரு வருஷம் செய்தார். பதினெட்டில் ஒரு பங்கு அளவு. கதவு திறக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். எனக்கே வாய் பிளந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

2002 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கண்காட்சிக்கு நானும் கூடப் போனேன். காரை மடியில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலில் போனேன். தேர்வு செய்கிறவர்களில் ஹரீஷ் என்று ஒரு கோயம்புத்தூர் பையன், ஐடி கம்பெனியில் வேலை. காரைப் பார்த்ததும் குனிந்தவன் பத்து நிமிஷம் நிமிரவே இல்லை.

"அங்கிள், கைவேலை பிரமாதமுங்க. ஆனா பின்னாடி வலது பக்கம் இறங்கிருச்சுங்களே."

பத்மினிக்குப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விளக்குக்கு மேலே தகரம் வால் மாதிரி லேசாக நிமிர்ந்திருக்கும். இந்தக் காரில் வலது வால் இடதைவிடத் தாழ்வாக இருந்தது.

"அதுவா எறங்கல தம்பி, நான் எறக்கினேன்" என்றார் இவர். "நெஜ வண்டியே அப்டித்தான் கீது. பின்னாடி லாரி இடிச்சிச்சி. ரஃபீக் பாய் தட்டித் தட்டி நிமித்தினதுல இருபத்தேழு மில்லி கொறைஞ்சி போச்சி. இதுல ஒன்றரை மில்லி."

ஹரீஷ் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"அங்கிள், பாக்கறவங்க கை தவறிருச்சுன்னுதான் நினைப்பாங்க. மத்த ரெண்டு பேரும் அப்படித்தான் சொல்றாங்க. மூணு மணிக்குத்தான் முடிவு. உசரமா இருக்கற பக்கத்தைக் கொஞ்சம் தேய்ச்சு விட்டுருங்க, நான் பேசிக்கிறேன்."

"தேய்ச்சா அது அந்த வண்டி இல்லியே" என்றார் இவர். என்னிடம், "பாயவே இட்டாந்து நிறுத்தறேன், அவரு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடையைக் கட்டினார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமை, என் அடுப்படி, என் கத்தரிக்கோல், எல்லாம் ஒன்றரை மில்லியில் போய் நிற்கிறது. இந்த மனுஷன் இன்று ராத்திரியும் சாப்பிடமாட்டார். அவர் விட்டுப்போன பையில் உப்புத்தாளும் பெயிண்ட் புட்டியும் பிரஷும் இருந்தன. பிளவுஸுக்குப் பைப்பிங் வைக்கிற கை என்னுடையது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இடது வாலைத் தேய்த்தேன். எம்-சீல் மாவாக உதிர்ந்தது. இரண்டும் சமம் ஆனதும் பெயிண்டைத் தொட்டு வைத்து ஊதி ஊதிக் காயவைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்று மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். தேர்வு என்று சொல்லிவிட்டார்கள். ஹரீஷ் ஓர் அட்டையில் இங்கிலீஷில் துரைசாமி, தேஹு ரோடு என்று எழுதி, எனக்குப் படித்துக் காட்டிக் காரின் முன்னால் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவருக்கு நான் ஒன்று வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

மூன்றரைக்கு இவர் ரஃபீக் பாயோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். பாய் கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. காரைச் சுற்றி வந்தவர் பின்பக்கத்தில் நின்றுவிட்டார்.

"ரொம்ப நல்லாக்குது. ஆனா இது என் வண்டி இல்லியேண்ணா" என்றார்.

இவர் அட்டையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து வெர்னியரை எடுத்து வலது வாலை அளந்தார், இடது வாலை அளந்தார். விரலில் ஈரப் பெயிண்ட் ஒட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதற்கு எனக்கு வார்த்தை தயாராக இருந்தது.

"எவ்ளோ எடுத்த வனஜா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அளக்கல" என்றேன்.

தலையை ஆட்டினார். அட்டையை எடுத்து, சட்டைப்பையிலிருந்த பேனாவால், டிப்போ புத்தகத்தில் தப்புக் கணக்கை அடிக்கிற மாதிரி, தன் பெயரை அடித்தார். அதன் மேலே, எனக்கும் படிக்கத் தெரிகிற மாதிரி தமிழில், வனஜா என்று எழுதிக் காரின் முன்னால் திரும்ப வைத்தார்.