ரவுண்டானாவில் இறங்கிய படகு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஷார்ஜாவில் முவைலா பக்கம் நடந்தது இது. நான் ஒரு அரபி வீட்டில் டிரைவர். முதலாளியை அர்பாப் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் ஒரு மீன்பிடிப் படகு உண்டு. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படித் துடைத்து வைத்திருக்க மாட்டார். அதை டிரெய்லரில் ஏற்றி, வண்டியில் இழுத்துக்கொண்டு போய்க் கடலில் இறக்குவதும் என் வேலைதான்.

டிரெய்லரில் படகைக் கட்டுவதற்கென்றே அகலமான பெல்ட் இருக்கிறது. "பெல்ட், பெல்ட்" என்று அர்பாப் ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்துவார். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்த எனக்குச் சிரிப்பு வரும். மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாராக்கும்! அன்று அவர் கூட வரவில்லை. பெல்ட்டை வண்டியிலேயே போட்டுவிட்டு, நைலான் கயிற்றில் எங்கள் ஊர் முடிச்சைப் போட்டு இறுக்கினேன். எந்தக் காற்றுக்கும் அவிழாத முடிச்சு அது.

அவிழவும் இல்லை. டிரெய்லரின் இரும்பு விளிம்பில் உரசி உரசி, ரவுண்டானாவுக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் கயிறுதான் அறுந்தது. முன்பக்கக் கொக்கியும் பிய்த்துக்கொள்ள, படகு கடலில் இறங்குவது போலவே நிதானமாக நடுரோட்டில் இறங்கியது. அடிப்பக்கம் பிளந்துவிட்டது. எதிரே கஃப்டீரியாவில் சமோசா தின்றுகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் செல்போனைத் தூக்கியது. கடல்காரன் நான், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் படகைக் கவிழ்த்து நின்றேன்.

வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம். அர்பாப் விசாவை கேன்சல் செய்துவிட்டால் ஊரில் மகளின் நர்சிங் படிப்பு அப்படியே நின்றுபோகும். நாலைந்து பேர் ஓடி வந்து, படகைத் தூக்கி டிரெய்லரில் வைத்துவிடலாம் என்றார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அறுந்த கயிற்றைச் சுருட்டிக் குப்பையில் போடப் போனேன்.

அப்போதுதான் பழுதான வண்டிகளைத் தூக்கிப்போகும் ரெக்கவரி வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து குதித்த பட்டாணியர், "ஹாத் மத் லகாவோ, பாய்! போலீஸ் ஆனே தோ!" என்று கத்தினார். யாரும் தொடாதீர்கள், போலீஸ் வரட்டும் என்கிறார். போலீஸ் பேப்பர் இல்லாமல் இங்கே எந்த ஒர்க்‌ஷாப்பும் அடிபட்ட வண்டியைத் தொடாது, இன்சூரன்ஸும் கிடைக்காது. ஒன்பது வருடமாக இங்கே வண்டி ஓட்டுகிற எனக்கு அது தெரியாதா? பயத்தில் புத்தி போயிருந்தது.

ரூமுக்குப் போன் போட்டேன். கூட இருக்கும் ராமநாதபுரத்துத் தம்பி, "பின்னாடி வந்தவன் இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான்னு சொல்லிருங்கண்ணே" என்றான். அந்தப் பொய்க்குச் சாட்சி சொல்வாரா என்று பட்டாணியரிடமே வெட்கமில்லாமல் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் கையிலிருந்த கயிற்றை வாங்கி, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு, "இதுதான் உன் சாட்சி" என்று இந்தியில் சொன்னார். தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, விளக்கைச் சுழலவிட்டு, போலீஸ் வரும்வரை ஒரு மணி நேரம் அந்த வெயிலில் என்னோடு நின்றார்.

போலீஸிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தப்பு என்னுடையது என்பதால் சிவப்புப் பேப்பர் கிடைத்தது. அதை வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பட்டாணியர் அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

தகவல் போய், கொஞ்ச நேரத்தில் அர்பாப் வந்தார். படகையே பார்த்துக்கொண்டிருந்தவர், குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அதைக் காட்டி, "ஜேன். முக் மாஃபி!" என்று என் நெற்றியில் தட்டினார். முடிச்சு நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் இல்லையாம். விசாவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து இன்சூரன்ஸிலிருந்து சேதம் பார்க்க ஒரு மலையாளி வந்தார். போலீஸ் எடுத்த படங்களைப் புரட்டி, அறுந்த கயிற்றின் படத்தில் நின்றார். "கட்டாம வந்திருந்தா ஒண்ணும் கிட்டாது, சேட்டா. இது கட்டியிருக்கு, அறுந்திருக்கு. போதும்" என்று எழுதிக்கொண்டார். மொத்த ரிப்பேரும் இன்சூரன்ஸிலேயே நடந்தது. படகு தயாரானதும் அர்பாப் வண்டிச் சாவியை என்னிடமே நீட்டினார். மற்றொரு கையில் பெல்ட்.

இப்போது ரோட்டோரத்தில் யார் வண்டி நின்றாலும் நானும் நிறுத்திவிடுகிறேன். அந்த முடிச்சை வெட்டி எடுத்து வண்டியில் தொங்கவிட்டிருக்கிறேன்; பார்க்கிறவர்கள் என் கைத்திறமை என்று நினைக்கிறார்கள், எனக்கோ அது குப்பைக்குப் போக இருந்த என் பிழைப்பைக் காப்பாற்றித் தந்த, பெயர் தெரியாத அந்தப் பட்டாணியரின் கை.