ஏழாம் மாடியில் குந்திரிக்கம்

அம்மாவுக்குச் சனிக்கிழமை யாழ்ப்பாண பஸ்ஸில் சீட் போட்டாகிவிட்டது. அதற்குள் வீட்டுப் புகை அலாரத்தை எழுப்பாத சாம்பிராணி தேடித்தான், வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

எங்களோடு இருக்கவென்று வந்த அம்மா, முதல் வெள்ளிக்கிழமையே தணலில் சாம்பிராணித் தூளைக் கொட்டினார். புகை அலாரம் அலறியது. ஏழு மாடிச் சனமும் படியால் இறங்கியது, சிலர் சாரத்தோடு. இனி ஒருதரம் அடித்தால் வீட்டுக்காரரிடம் சொல்வோம் என்று மாடிக் கமிட்டி கடிதம் தந்தது. "தூபம் காட்ட ஏலாத வீட்டில நான் என்னெண்டு இருக்கிறது?" என்று அம்மா பையை அடுக்கினார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

காலி வீதியில் காலை 9.10க்கு 155ஆம் இலக்க பஸ். பதினொரு கிலோமீற்றர்தான், ஆனால் மருதானை நெரிசல் இருக்கிறதே! இறங்க 10.25. டிக்கட் எண்பது ரூபாய். தேவாலயத்தடி மெழுகுதிரிக் கடைகள் இரண்டில் அதே தூள் பக்கெட்டையே நீட்டினார்கள். மூன்றாவது கடைக்கார ரீட்டா அக்கா மூன்று டின்களைத் திறந்தார். ஒன்றில் நம் நாட்டு ஹல் மரத்துக் குங்கிலியம். அடுத்ததில் சுமாத்ராச் சாம்பிராணிக் கட்டி. கடைசியில் வெளிர்மஞ்சள் மணிகளாகக் குந்திரிக்கம். ஓமான் பக்கத்து வறண்ட மலைகளில் ஒரு குட்டை மரத்தின் பட்டையைக் கீறிவிட, வடிகிற பால் காய்ந்து இப்படி ஆகிறதாம்.

"எது புகைக்காது அக்கா?"

"நெருப்பில போட்டா எல்லாம் புகைக்குந்தான் தம்பி. நீங்க எரிக்கப் பாக்கிறீங்க. இதைச் சும்மா சூடாக்கினாக் காணும்."

சின்ன மெழுகுதிரிக்கு மேல் தகரத்தட்டு வைத்து, இரண்டு மணி போட்டுக் காட்டினார். மணி மெல்ல இளகியது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல் வாசம், புகை பேருக்கு மட்டும். ஐம்பது கிராம் பக்கெட் அறுநூறு, தட்டு நானூறு. பேரம் பேசவில்லை.

வெள்ளி மாலை ஆறு மணிக்குச் சாமிப் படத்தடியில் மெழுகுதிரியைக் கொளுத்தித் தட்டை வைத்தேன். "இதென்ன, மருந்து காய்ச்சிறியோ?" என்றார் அம்மா. நானும் மனைவியும் கூரை அலாரத்தையே பார்த்து நின்றோம்; சாமியைப் பார்த்தது அம்மா மட்டுந்தான். பத்து நிமிடம். சத்தமில்லை. பிறகு கதவு மணி அடித்தது. வாசலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட எதிர்வீட்டு அன்ரி!

"தம்பி, இந்த வாசம் எங்க வாங்கினனீங்கள்?"

அப்பாடா என்று கதிரையில் விழுந்தேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். தூள் வேண்டாம், மணியாகக் கேளுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள், மெழுகுதிரியைத் தனியே விட்டுப் போகாதீர்கள். கடைசி நேரத்தில் பஸ் சீட்டை ரத்துச் செய்தால் பாதிக் காசுதான் திரும்பி வரும். எனக்கு முழுதும் போனாலும் சந்தோஷந்தான்.

அந்த வெள்ளி இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார். "அந்தப் பக்கெட் எவ்வளவு நாளைக்குக் காணும்?"

"வெள்ளிக்கு வெள்ளி எண்டா ஆறு மாசம் வரும், அம்மா."

"காணாது. இன்னொண்டு வாங்கி வை."