மூன்று ராத்தலைக் கரைத்த கதிர்காமத்தான்

முருகன் அடியார்களே, முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. பதுளையில் காலேஜ் முடித்த திமிர். காசுக்குக் குத்துச்சண்டை போட ஆரம்பித்து ஐந்து சண்டை, ஐந்திலும் வெற்றி. அம்மா கதிர்காமத்தானுக்கு நேர்ந்துகொண்டு திருநீறு நீட்டினால், "அவரா வந்து குத்தப் போறாரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், கார்த்திகை மாதம். பதுளை கார்னிவலில் கொழும்புச் சாம்பியனோடு ஆறு ரவுண்டு. ஜெயித்தால் அடுத்தது கொழும்பு ரிங். ஒரே நிபந்தனை, எடை நூற்றிருபத்தாறு ராத்தலைத் தாண்டக் கூடாது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எடை பார்க்க வேறு என்ன இருக்கிறது? கொழுந்து நிறுக்கும் தராசுதான். மூன்று வாரமாக தினமும் சாக்குக்குள் உட்காருவேன். கொக்கியில் மாட்டித் தூக்குவார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அது இலவச வேடிக்கை.

"கணக்கப்பிள்ளை ஐயா, இது முத்தின எல! கழிச்சுப் போடுங்க!" என்று கத்துவாள் செல்லம்மா அத்தை.

சண்டை நாளான ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையும் தொங்கினேன். சரியாக நூற்றிருபத்தாறு. பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் லொறி ஏறினேன். அம்மாவும் அத்தையும் தோட்டத்துப் பெண்களும் கூடவே வந்தார்கள்.

பதுளையில் எடை பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தம்பி, மூண்டு ராத்தல் கூட நிக்குது."

"டாக்டர், உங்க மெஷின்தான் பிழை!"

அவர் கோபப்படவில்லை. அரசாங்க முத்திரை குத்திய இரும்புப் படிக்கல்லைத் தூக்கி மெஷினில் வைத்துக் காட்டினார். மெஷின் சரி. பிழை எங்கள் தராசில்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "அப்ப இத்தன வருஷமா நாங்க எடுத்த கொழுந்த அது முழுங்கிக்கிட்டு இருந்துச்சா?"

அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கொழும்புக்காரன் பெஞ்சில் சாய்ந்துகொண்டு இளித்தான். "தோட்டத்து லயத்துக்கே ஓடு மச்சான். கொழுந்து பறிக்க ஆள் பத்தாதாம்!"

"பதினொரு மணி மட்டும் நேரம் தாறன். அதுக்குள்ள இறங்காட்டி சண்டை இல்லை" என்றார் டாக்டர்.

இரண்டு மணி நேரம். வியர்த்தால்தான் எடை இறங்கும். வெளியிலோ ஒரு வாரமாக விடாத மழை. ஓடினேன். அரை மணி ஓடியும் உடம்பு சூடாகவில்லை. பல் கிட்டியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆமாம், நான்தான் அழுதேன்.

"முருகா, இதுவரைக்கும் உங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. கேக்குற யோக்கியதையும் எனக்கு இல்ல. கொஞ்சம் வெயில் குடு."

சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணைத் துடைத்து எழுந்தபோது மழை நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேகம் கிழிந்து சுள்ளென்று வெயில்! பெண்கள் லொறியில் நனையாமல் கிடந்த கம்பளிகளை எடுத்து ஓடி வந்தார்கள். ஒன்று, இரண்டு, நான்கு கம்பளிகளை என்மேல் சுற்றிக் கட்டினார்கள்.

"ஓடு மருமவனே! நின்னா நான் மிதிப்பேன்!" என்றாள் அத்தை.

மேட்டில் ஏறி இறங்கி ஓடினேன். கண்ணில் வியர்வை, பின்னால் "அரோகரா!" சத்தம். பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மெஷினில் ஏறினேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "நூற்றிருபத்தாறு. போய் ஏதும் குடி தம்பி."

அன்று மாலை சண்டை. முதல் இரண்டு ரவுண்டு கால்கள் பஞ்சு. அவன் என்னைத் துவைத்தான். மூன்றாவதில் மூச்சு திரும்பியது. நான்காவதில் இடது கையால் விலாவில் ஒன்று, அவன் குனிந்ததும் வலது கையால் தாடையில் ஒன்று. பத்து எண்ணி முடித்தும் எழவில்லை. கார்னிவல் கூடாரமே "அரோகரா!" என்று அதிர்ந்தது.

மறுநாள் பெண்கள், என் சரியான எடையை எழுதி டாக்டர் கையெழுத்திட்டுக் கொடுத்த சீட்டோடு தராசின் முன் நின்றார்கள். ஒருத்தியும் கூடையை இறக்கவில்லை. தோட்டத்து மேனேஜர் பெரிய துரையே வந்து முத்திரைப் படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார். முள் குறைத்துக் காட்டியது. அன்றைக்கே அந்தத் தராசு கீழே இறங்கியது. நான் கேட்டது ஒரு சண்டைக்கு. முருகன் கொடுத்தது ஒரு தோட்டத்துக்கே.

பிறகு அம்மாவோடு கதிர்காமத்துக்கு நடந்தே போனேன். கொழும்பிலும் ஜெயித்தேன், சிலதில் தோற்றேன். எதுவானாலும் திருநீறு பூசாமல் கையுறை மாட்டுவதில்லை. நீங்களும் யோக்கியதை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு முட்டும்போதே கேளுங்கள், அவனுக்குக் கேட்கும்.