போட்டோவில் இருந்த ஸ்டீரியோ

என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் போட்டோ எங்கள் ஊர் நாசரேத்துக்கு வந்து சேர்ந்தது. ஒல்லியான ஆள், தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தா. நான் பார்த்ததெல்லாம் அவர் கைவைத்து நின்ற ஜப்பான் ஸ்டீரியோவைத்தான். இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவே வெள்ளி நிறத்தில் ஆம்ப்ளிஃபயர், டேப் டெக். கல்லூரித் தோழி வீட்டில் அப்படி ஒன்றில் பாட்டுக் கேட்டுவிட்டு வந்து, ஹாஸ்டல் ரேடியோவை ஒரு வாரம் திரும்பிப் பார்க்காதவள் நான்.

"சம்மதமாம்மா?" என்று அப்பா கேட்டார். தலையாட்டினேன்.

கல்யாணமாகி வந்தபோது முன்னறையில் தையல் மெஷின் இருந்தது. மற்ற அறைகளையும் பார்த்தேன். இரண்டு நாள் பொறுத்து மாமியாரிடம் கேட்டேன்.

"அத்தை, போட்டோவுல இருந்த செட்டு எங்க?"

"அது மாடிவீட்டுக் கப்பல்காரத் தம்பிக்குள்ளதுல்லா. அங்கனதான் வெளிச்சம் நல்லா விழுதுன்னு போய் எடுத்தோம்."

யாரும் பொய் சொல்லவில்லை. அப்பாவிடம் போய் அழக்கூட வழியில்லை. கணவரோ நல்லவர், பாட்டு மட்டும் ஆகாது. வானிலை அறிக்கை முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிடுவார். கப்பல்காரர் லீவில் வந்து செட்டில் பாட்டுப் போடும் நாட்களில், மொட்டை மாடியில் காய்ந்த துணியை மறுபடி நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

போன வருஷம் கப்பல்காரர் வீட்டைக் காலிசெய்து மகனோடு சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த கணவரிடம் அன்றுதான் போட்டோ கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ என்னையப் பாத்துச் சரின்னு சொல்லலியா?"

"உங்களையும்தான் பாத்தேன்" என்றேன். பாதி பொய்.

சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அரை மணி நேரத்தில் இரண்டு ஆட்கள் செட்டைச் சுமந்து இறங்கினார்கள்.

உப்புக்காற்று குமிழ்களைத் தின்றிருந்தது. ஒரு ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. மெக்கானிக்கைத் தேடி அலைந்து, டேப் டெக்குக்கு பெல்ட் வரவழைத்து, இரண்டு மாதத்தில் அதைப் பாட வைத்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. சத்தத்தைக் கூட்டக் கை நீட்டினேன்.

"ஏளா, தொடாத! பழைய ஐட்டம், பதமா திருப்பணும்."

இப்போது மத்தியானம் முழுக்க அவர் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொன்னால், அதில் பேஸ் சத்தம் போதாது என்கிறார். நான் சமையலறையில் செல்போனில் கேட்டுக்கொள்கிறேன். அதையும் சத்தம் குறைக்கச் சொல்கிறார்.